அரக்கன் காத்திருப்பான்

பெண் பார்க்க வந்த அன்று அவரிடம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள்? பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு எங்களைத் தனியாக அனுப்பிவிட்டு, கீழே இரண்டு குடும்பங்களும் எந்தக் கல்யாண மண்டபம் என்பதுவரை பேசிவிட்டிருந்தார்கள். அவர் கோயம்புத்தூர்க்காரர், ஹைதராபாத்தில் வேலை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு கேம் ஆடுவேனுங்க. ஜப்பான்காரன் கேம். ரெண்டு வருசமா ஆடறேன், இப்பக் கடைசிக் கட்டத்துல நிக்குது" என்றார். சீட்டு, சிகரெட் என்று எதுவும் சொல்லாமல் இதைச் சொன்னாரே என்று எனக்கு அங்கேயே பாதிச் சம்மதம். மீதிப் பாதியை அம்மா பார்த்துக்கொண்டாள்.

இரண்டு பேருக்கும் சாஃப்ட்வேர்தான். அவர் ப்ரோகிராம் எழுதுகிறவர். நான் டெஸ்டர், அதாவது மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள். கல்யாணத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஜாதகம் கிடைக்காது என்று என் டீமில் கேலி செய்தார்கள். சென்னையிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு ஹைதராபாத் வந்தேன். போவன்பள்ளியில் ஒரு வீட்டின் மாடி எங்களுக்கு. கீழே வீட்டுக்கார ஆன்ட்டி. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர், சனத்நகரில் ஒரு எஞ்சினியரிங் ஒர்க்ஸில் வேலை பார்த்த கணவர் இறந்துபோய்ப் பல வருடம் ஆகிறது. அவருடைய தமிழில் பாதிக்குப் பாதி உருது கலந்திருக்கும்; வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்குக் கைக்கு, ஆமாம் என்பதற்கு ஹவ். முதல் நாளே, "காய் வாங்க அங்க இங்க சுத்தறது நக்கோமா, காலைல மார்க்கெட்டுக்கு என் கூட வா" என்று என்னை எடுத்துக்கொண்டார்.

வீட்டில் டிவிக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. பக்கத்தில் வரிசையாகக் கேம் டிஸ்குகள். எல்லாவற்றிலும் ஒரே பெயர், எண் மட்டும் வேறு வேறு. ஆறு, ஏழு, ஒன்பது, பத்து. எட்டை யாரோ வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லையாம். அந்த வருத்தத்தை மட்டும் அவர் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அதைப் போடுவார். நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் நிறுத்திவிடுவார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. "ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டால், "போச்சாது, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். பரவாயில்லை, விடு என்பதற்கு அவர்கள் ஊர்ப் பேச்சு அது. எனக்கு அப்படி விட முடியவில்லை. கல்யாணத்துக்கு முந்தி இரண்டு வருஷம் நிம்மதியாக ஆடிக்கொண்டிருந்த மனுஷன், நான் அறைக்குள் காலை வைத்தால் நிறுத்துகிறார் என்றால் என்ன அர்த்தம்? நான் இடைஞ்சல் என்று அர்த்தம். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். ஒரு விஷயத்தைத் தப்பாக எடுத்துக்கொள்வதில் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே நல்ல பயிற்சி உண்டு.

அதனால் அடுத்த ஞாயிறுகளில் நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. வேலை இல்லாவிட்டாலும் அங்கேயே நின்று டப்பாக்களைத் துடைப்பேன். அவரும் பத்து நிமிஷத்தில் நிறுத்திவிட்டுப் பேப்பர் படிப்பார். இரண்டு அறை வீட்டுக்குள் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வழிவிட்டு வழிவிட்டே நான்கு மாதம் ஓட்டினோம். சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை. எனக்கு உள்ளூரப் பயமாக இருந்தது.

ஐந்தாவது மாதம் அவருக்கு ஆன்சைட் வந்தது. ஆறு மாதம் அமெரிக்கா. ஆபீஸில் எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள், நானும் சிரித்தேன். புறப்படுகிற அன்று பெட்டியைக் கட்டிவிட்டு டிவி முன்னால் என்னை உட்காரவைத்துக் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தார்.

"தனியா இருந்தா போரடிக்கும், நீயும் ஆடு. ஆடுனது எல்லாம் இந்தக் கார்டுலதான் சேவ் ஆகும், ஒரு ஆட்டத்துக்கு ஒரு வரி. மேல் வரி என்னோடது. அது மட்டும் அப்படியே இருக்கோணும். நீ கீழ் வரில சேவ் பண்ணிக்க."

திரையில் மேல் வரியைப் பார்த்தேன். ஏதோ ஒரு கோபுரத்தின் பெயர், பக்கத்தில் எழுபத்திரண்டு மணி நேரம் என்று இருந்தது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசிய நேரத்தைக் கூட்டினால் அதில் கால்வாசி வருமா என்று தோன்றியது. "தொட மாட்டேன்" என்று சொன்னேன். சத்தியமாகத்தான் சொன்னேன்.

முதலில் எனக்கு இருந்த பயம், அவர் ஆடிய பத்தாம் பாகத்திலிருந்து தொடங்கினால் எனக்கு என்ன புரியும் என்பது. ஆயிரம் எபிசோடு ஓடிய சீரியலை நடுவில் பார்க்க உட்கார்ந்தவளைப் போல, யார் யாருக்கு மாமியார் என்று முழிக்க வேண்டுமே. போனில் கேட்டதற்கு அவர் சிரித்தார். ஒவ்வொரு எண்ணும் வேறு உலகம், வேறு ஆட்கள், வேறு கதையாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. மருந்துகளின் பெயரும், மந்திரங்களின் பெயரும், சண்டையில் ஜெயித்தால் வருகிற மெட்டும் மட்டும் மாறாதாம். அப்பாடா என்றிருந்தது. புது ஊருக்கு மாற்றலாகி வந்தவளுக்கு இதைவிட ஆறுதலான ஏற்பாடு வேண்டுமா? எல்லாமே புதிது, ஆனால் தலைவலி மாத்திரையின் பெயர் மட்டும் பழையது.

போட்டுப் பார்த்தேன். ஒவ்வொருவனுக்கும் தலைமுடி ஒரு கூரை அளவு இருந்தது. ஆளைவிடக் கத்தி பெரிது. உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் வழியில் யார் வீட்டுக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பானையைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்காரி பக்கத்திலேயே நின்று, இன்றைக்கு நல்ல காற்று என்கிறாள். எனக்குக் கூசியது. முதல் இரண்டு ஊர்களில் ஒரு பானையையும் தொடவில்லை. மூன்றாவது ஊரில் அடி வாங்கிய பிறகு கூச்சம் போய்விட்டது.

தொழில் புத்தியும் கூடவே வந்தது. ஒவ்வொரு ஆளிடமும் இரண்டு தடவை பேசினேன், சொன்னதையே சொல்கிறார்களா என்று பார்க்க. ஒவ்வொரு சுவரிலும் முட்டிப் பார்த்தேன். எங்காவது சுவரைத் தாண்டி வெளியே விழுந்துவிட்டால் பக் ஒன்று, அதாவது ப்ரோகிராமில் தப்பு ஒன்று, கிடைத்தது என்று சந்தோஷப்பட்டிருப்பேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஜப்பான்காரர்களின் டெஸ்டரை எனக்குப் பிடித்துப்போனது.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னைக் கட்டிப்போட்டது சண்டைதான். அதில் முறை வைத்துத்தான் அடிக்க வேண்டும். நாம் ஒரு அடி, அரக்கன் ஒரு அடி. நம்முடைய முறை வந்துவிட்டால், நாம் பட்டனை அழுத்தும்வரை அவன் நிற்பான். முதல் தடவை ஒரு பெரிய பல்லன் எதிரில் நிற்கும்போது அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய் அடுப்பைக் குறைத்து, ரசத்துக்குத் தாளித்து, பால்காரரிடம் பேசிவிட்டு வந்து பார்த்தால், அவன் மூச்சு வாங்கிக்கொண்டு அதே இடத்தில் நிற்கிறான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆபீஸில் க்ளையன்ட் நிற்க மாட்டான், கேப் டிரைவர் நிற்க மாட்டார், ரிலீஸ் தேதி நிற்காது. இந்த அரக்கன் நின்றான். பிறகு ஒருநாள் வேறொரு எண்ணை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அதில் முறை என்பதெல்லாம் இல்லை, யோசிப்பதற்குள் அடித்தே கொன்றுவிட்டார்கள். மரியாதை தெரியாத பாகம் என்று திரும்ப எடுத்து வைத்துவிட்டேன்.

ஆன்ட்டி ஒருநாள் கறிவேப்பிலை கேட்டு மேலே வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு சனிக்கிழமை காலை மார்க்கெட் முடித்து வந்ததும் இருவரும் டிவி முன்னால்தான். நான் ஆடுவேன், அவர் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கதை கேட்பார். கதையில் ஒரு வயசான கேப்டன் கூட்டத்தைக் காப்பாற்றப் போய்ச் செத்துப்போனார். இசை உருகியது. நானும் கண்ணைத் துடைத்தேன். ஆன்ட்டி கத்தியைக் கீழே வைத்தார்.

"அரே, செத்தவனை எழுப்பற மருந்து உன் பைல இருக்கே. நேத்து சண்டைல குடுத்தியே, எழுந்தான்ல? இவனுக்குக் கைக்கு குடுக்கலை?"

"சண்டைல செத்தாத்தான் ஆன்ட்டி அது கேக்கும். கதைல செத்தா கேக்காது."

"இது என்ன நியாயம்?" என்றார். பிறகு தன் கணவரை நினைத்தாரோ என்னவோ, "ஹவ், அப்படித்தான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தார்.

அந்த மருந்தை நான் சண்டையிலும் லேசில் கொடுக்க மாட்டேன். நல்ல மருந்து எது கிடைத்தாலும் பிறகு ஆகும் என்று வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம். பை நிறைய மருந்தை வைத்துக்கொண்டே பல தடவை செத்திருக்கிறேன். வீட்டிலும் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளை அட்டைப்பெட்டியில்தான் வைத்திருந்தேன்.

அது கோடை. எங்கள் ஏரியாவுக்குத் தினமும் காலை பதினொன்றிலிருந்து ஒன்றுவரை கரன்ட் கட். அந்த ஊரில் எது நேரத்துக்கு வராவிட்டாலும் அது மட்டும் டாணென்று வரும். கரன்ட் போனால் கடைசியாக சேவ் செய்ததற்குப் பிறகு ஆடியது அத்தனையும் போச்சு. அதனால் பத்தே முக்காலுக்கே சேவ் பண்ணி எழுந்துவிடுவது என்று வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை ஆன்ட்டி ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்ததில் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்தபோது பத்து ஐம்பத்தெட்டு. இரண்டு மணி நேரம் ஆடியது போய்விடும் என்ற பதற்றத்தில் சேவ் பண்ணுகிற இடத்துக்கு ஓடினேன். பட்டனை அழுத்தினேன். திரையில் ஏதோ கேள்வி வந்தது, அழுத்தினேன். இன்னொரு கேள்வி வந்தது, அழுத்தினேன். நாள் முழுக்க ஆபீஸில் கம்ப்யூட்டர் திரையில் நூறு பெட்டி வரும், நிச்சயம்தானா என்று கேட்கும், படிக்காமலே ஓகே அடிப்பேன். விரலுக்கு அது பழகிப்போயிருந்தது.

சேவ் ஆகிவிட்டது என்று திரையில் வந்தது. அப்போதுதான் பார்த்தேன். இரண்டு வரியும் என்னுடையதாக இருந்தது. மேலே முப்பத்தொரு மணி நேரம். கீழே இருபத்தொன்பது. எழுபத்திரண்டு எங்கேயும் இல்லை.

கரன்ட் போனது.

ஆன்ட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "இதுக்குக் கைக்கு அழறே? கரன்ட் போச்சு, அழிஞ்சிடுச்சுன்னு சொல்லு. அந்தப் புள்ள ஆறு மாசம் கழிச்சு வந்து மீட்டரையா பாக்கப் போறான்?" என்றார். நியாயமான யோசனை. கரன்ட் போய் கார்டு கெட்டுப்போவது நடக்கிற காரியம்தான். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அங்கே அவருக்கு அப்போது நடு ராத்திரி. இங்கே சாயங்காலம் ஆனால்தான் எழுந்திருப்பார். அந்த ஏழெட்டு மணி நேரம் நான் பட்ட பாட்டை எந்த அரக்கனும் எனக்குக் கொடுத்ததில்லை. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. நகை கேட்கவில்லை, சமையலில் குறை சொல்லவில்லை, அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொள் என்றார். ஏற்கெனவே இடைஞ்சல், இப்போது நாசமும் பண்ணியாயிற்று. கரன்ட் மேல் பழியைப் போடலாம் என்று இரண்டு தடவை முடிவு செய்தேன். இரண்டு தடவையும் ஆபீஸில் ப்ரோகிராம் எழுதுகிறவர்களோடு நான் போடுகிற சண்டை ஞாபகம் வந்தது. என்ன செய்தாய் என்று கேட்டால், நான் ஒன்றும் செய்யவில்லை, தானாக நின்றுவிட்டது என்பார்கள். அந்தப் பொய்யைக் கேட்டால் எனக்கு வருகிற எரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

மூன்று மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து மெயில் எழுத உட்கார்ந்தேன். அன்புள்ள என்று ஆரம்பித்தால் அதற்குமேல் போகவில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வடிவத்தில், ஆபீஸில் தப்பைப் பதிவு செய்கிற ரிப்போர்ட்டாக எழுதினேன். ஆங்கிலத்தில்தான், தமிழில் அடிக்க அப்போது எங்களுக்குத் தெரியாது. அது இப்படி இருந்தது.

பிரச்சினை: மேல் வரி அழிந்துவிட்டது. தீவிரம்: மிக அதிகம். மறுபடி நடக்கவைக்கும் வழி: பதினொரு மணி கரன்ட் கட்டுக்கு இரண்டு நிமிஷம் முன்னால் மனைவியிடம் கன்ட்ரோலரைக் கொடுக்கவும். எதிர்பார்த்தது: கீழ் வரியில் சேவ் ஆகும். நடந்தது: மேல் வரியில் ஆனது. காரணம்: கரன்ட் அல்ல. டெஸ்டர் படிக்காமல் ஓகே அழுத்தினாள்.

அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டரை மூடினேன். ஏழு மணிக்குப் பதில் வந்திருந்தது. அதே வடிவத்தில்.

நிலை: நிராகரிக்கப்பட்டது. காரணம்: அழிந்த பொருள் ஏற்கெனவே செத்துப்போனது, புதிதாகச் சேதம் எதுவும் இல்லை. விவரத்துக்குப் போனை எடுக்கவும்.

படித்து முடிப்பதற்குள் போன் அடித்தது.

"அம்மிணி, அழுதியா?"

"இல்ல" என்றேன். மூக்கு காட்டிக்கொடுத்தது.

"நாஞ்சொல்றதக் கேளு. அந்தக் கோபுரத்துக்குள்ள போனா கதவு பின்னாடி மூடிக்கும். நான் தெரியாம உள்ள போயி சேவ் பண்ணிட்டேன். உள்ள கடை கிடையாது, மருந்து கிடையாது, வெளிய வர வழியும் கிடையாது. மேல ஒருத்தன் நிக்கறான். மூணே அடில முடிச்சுப் போடுவான். ஒரு வருசமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய் அடி வாங்கிட்டு வாரேன். திரும்ப முதல்ல இருந்து ஆட மனசு வரல. கடைசிக் கட்டம், கடைசிக் கட்டம்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லியாச்சு. உங்கிட்ட மொட்டைமாடில சொன்னது உட்பட."

எனக்கு ஒரு விஷயம் மட்டும்தான் கேட்க வேண்டியிருந்தது. "அப்ப நான் டீ கொண்டு வரும்போதெல்லாம் ஆஃப் பண்ணுவீங்களே, அது?"

"தோத்துட்டு உக்காந்திருப்பேன். நீ பாத்தா சிரிச்சுருவியோன்னுட்டு..."

நான் சிரித்தேன். நன்றாக, சத்தமாக, கீழே ஆன்ட்டிக்குக் கேட்கும்படி சிரித்தேன். ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் அப்படியே இறங்கிப் போனது. நான் இடைஞ்சலே இல்லை! அந்த மனுஷன் என்னிடமிருந்து ஒளித்துவைத்தது ஒரு தோல்வியை. நான் சமையலறையில் டப்பா துடைத்த ஞாயிறுகளில் எல்லாம், அவர் அந்தப் பக்கம் மூன்றே அடியில் செத்துக்கொண்டிருந்திருக்கிறார். எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு அட்டைப்பெட்டியைத் திறந்து பீங்கான் தட்டில் சாப்பிட்டேன். தனியாகத்தான் சாப்பிட்டேன், ஆனாலும் அப்படித் தோன்றவில்லை.

மீதி மாதங்களில் வாரம் ஒரு தடவையாவது கேமைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். எந்தக் கதவு மூடிக்கொள்ளும், எங்கே நுழைவதற்கு முன்னால் எத்தனை மருந்து வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் ஆடினேன். கேமிலிருந்து பேச்சு எங்கெங்கோ போகும். அவருடைய அப்பாவின் பயம், என்னுடைய கோபம், பிள்ளை பெறுவது, எல்லாம் அந்தக் கோபுரத்தின் வழியாகத்தான் பேசினோம். கோபுரத்துக்குள் நானும் போனேன். ஆனால் கதவுக்கு வெளியே இருந்தபடி இரண்டு வரியிலும் சேவ் பண்ணிவிட்டுத்தான் போனேன். அவரைக் கொன்றவனை நான்காவது தடவையில் சாய்த்தேன். ஆன்ட்டி கை தட்டினார்.

அதற்கும் மேலே நிற்கிற கடைசி அரக்கனை மட்டும் தொடவில்லை. அவர் வரட்டும் என்று வைத்திருந்தேன். நல்ல மருந்தைப் பத்திரப்படுத்துகிற புத்தி முழுசாகப் போய்விடவில்லை.

அவர் வந்தது ஒரு சனிக்கிழமை விடிகாலை. குளித்து, இட்லி சாப்பிட்டு, பெட்டியைக்கூடத் திறக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்தார். கன்ட்ரோலரை நீட்டினேன், வாங்கவில்லை. "நீயே ஆடு. நான் பாக்கறேன்" என்றார். கடைசிக் கதவைத் திறந்தோம். அரக்கன் பாதி வானம் அளவுக்கு இருந்தான். நான்கு முறை அடித்தோம், ஐந்து முறை வாங்கினோம். பையிலிருந்து பெரிய மருந்தை எடுக்கவா என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தால், விமானத்தில் தூங்காத மனுஷன், சோபாவில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

என்னுடைய முறை. அரக்கன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். டிவி சத்தத்தைக் குறைத்தேன். கடிகாரம் பத்தரை காட்டியது. கோடை முடிந்தும் பதினொரு மணி கரன்ட் கட் நிற்கவில்லை. எழுப்பினால் கரன்ட் போவதற்குள் முடித்துவிடலாம். நான் எழுப்பவில்லை. அவருக்குப் பக்கத்தில் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு மாதம் அந்த அறைக்குள் வரப் பயந்தவள் நான். அன்றைக்கு எனக்கு அவசரம் என்று ஒன்றுமே இல்லை.

பதினொன்றுக்குக் கரன்ட் போனது. அரக்கனும் போனான். ஃபேன் நின்றதும் அவர் கண்ணைத் திறந்தார்.

"ஜெயிச்சாச்சா?"

"இல்ல. கரன்ட் போயிட்டு. கடைசிக் கதவுக்கு வெளிய ரெண்டு வரிலயும் சேவ் இருக்கு."

"போச்சாது" என்று சொல்லிவிட்டு, என் தோளில் தலையை வைத்து மறுபடியும் தூங்கிப்போனார்.